புகையை மோந்தறியும் கருவி: பொருத்தியாயிற்று, இயங்குகிறதா?

புது தில்லி: லக்னௌவிலிருந்து மும்பைக்குச் சென்றுகொண்டிருந்த புஷ்பக் விரைவு ரயிலின் பொதுப் பெட்டியில் 2025ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி மாலை "தீ, தீ" என்ற கூச்சல் எழுந்தது. அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டு, மகாராஷ்டிர மாநிலம் ஜல்காவ் மாவட்டத்தில் பச்சோராவை அடுத்த ஒரு வளைவில் வண்டி நின்றது. அச்சத்தில் குதித்து இறங்கியவர்கள் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றனர். எதிர்த்திசையில் வந்த கர்நாடகா விரைவு ரயில் அவர்கள் மீது மோதியது. குறைந்தது 12 பேர் மாண்டனர். புஷ்பக் ரயிலில் எந்தப் பெட்டியும் எரியவில்லை.

அதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. 2013ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி அதிகாலையில், பெங்களூரிலிருந்து நாந்தேடு சென்ற விரைவு ரயிலின் பி-1 மூன்றடுக்குக் குளிர்சாதனப் பெட்டி, ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் புட்டபர்த்தி அருகே தீப்பிடித்தது. கண்ணாடி சன்னல்கள் மூடிய பெட்டி. எல்லோரும் உறங்கும் நேரம். புகை மூச்சை முட்டிய பிறகே பலர் விழித்தனர். 26 பேர் உயிரிழந்தனர்.

ஓரிடத்தில் இல்லாத தீ உயிர்களைப் பறித்தது. மற்றோரிடத்தில் இருந்த தீ உரிய நேரத்தில் தெரியவராததால் உயிர்கள் போயின. "இது தீ", "இது தீயன்று" என்று நம்பகமாகச் சொல்லவல்ல ஒரு கருவி, ரயில் பயணத்தில் எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு இவ்விரு நிகழ்வுகளே போதும்.

அத்தகைய கருவி இல்லாமல் இல்லை. ரயில் தீ விபத்துகள் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பப்படும்போதெல்லாம் ரயில்வே அமைச்சகத்தின் பதிலில் தவறாமல் இடம்பெறும் வாசகம் ஒன்று உண்டு: குளிர்சாதனப் பெட்டிகளில் தீ மற்றும் புகை அறியும் அமைப்பும், மின்னாக்கிப் பெட்டிகளிலும் சமையல் பெட்டிகளிலும் தீயைக் கண்டறிந்து அணைக்கும் அமைப்பும் பொருத்தப்பட்டுள்ளன என்பதே அது. உறுப்பினர்களும் பெரும்பாலும் அத்துடன் நிறைவடைந்துவிடுகின்றனர். பொருத்தப்பட்ட கருவி எப்படி இயங்குகிறது, எதனால் பழுதாகிறது, பழுதானால் யார் கவனிக்கிறார்கள் என்னும் வினாக்கள் அவையில் அரிதாகவே ஒலிக்கின்றன. இது பொறியாளர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பழுதுகளில் பெரும்பாலானவை ஒரு சாதாரணப் பயணியும் புரிந்துகொள்ளக் கூடியவையே.

வீடுகளிலும் விடுதிகளிலும் கூரையில் காணப்படும் வட்ட வடிவப் புகையறி கருவி, புகை தன்னிடம் வந்து சேரும்வரை காத்திருக்கும். ரயிலில் பயன்படும் காற்றுறிஞ்சி வகைக் கருவி அப்படிக் காத்திருப்பதில்லை. சிறு விசிறி ஒன்று ஓயாது சுழன்று, பெட்டியின் கூரைக்கு மேல் ஓடும் குழாய்களின் வழியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். குழாயில் ஆங்காங்கே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள துளைகள் இருக்கும். படுக்கைப் பகுதி, நடைவழி, கழிவறை, மின் இணைப்புப் பெட்டகம் எனப் பல இடங்களின் காற்று அத்துளைகளின் வழியே நுழைந்து, வடிகட்டியைக் கடந்து, ஓர் இருட்டறையைச் சென்றடையும். அங்கே ஒளிக்கற்றை ஒன்று பாய்ந்துகொண்டிருக்கும். தூய காற்றென்றால் ஒளி நேரே போய்விடும். புகைத் துகள்கள் இருந்தால் ஒளி சிதறும். சிதறலின் அளவைக் கொண்டு கருவி முதலில் கவன எச்சரிக்கையையும், பின்னர் தீ எச்சரிக்கையையும் விடுக்கும்.

இந்த நுட்பம் 1970களில் ஆஸ்திரேலியாவில் உருவானது. தொலைபேசி நிலையங்களைத் தீயிலிருந்து காப்பதற்கு வழி தேடியபோது, காட்டுத் தீயின் புகையை ஆராய அந்நாட்டு அறிவியலாளர்கள் பயன்படுத்திய ஒளிச்சிதறல் கருவியே கைகொடுத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவுப் புகையையும் அது காட்டிக்கொடுத்தது. இன்று சந்தையில் உள்ள இவ்வகைக் கருவிகள் சிலவற்றின் நுண்மையை, ஒரு மீட்டர் தொலைவில் ஒளி 0.005 சதவீதம் மங்கினாலே உணரும் அளவுக்குக் கூட்டி வைக்க இயலும்.

இந்திய ரயில்வேயில் புது தில்லி - புவனேஸ்வர் ராஜதானி விரைவு ரயிலின் ஒரு தொடரில் இந்த வகைத் தானியங்கி எச்சரிக்கை அமைப்பு சோதித்துப் பார்க்கப்பட்டது. அதன் அனுபவத்தின் அடிப்படையில் மேலும் 20 தொடர்களுக்குச் சோதனை விரிவுபடுத்தப்படும் என நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பின்னர் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு இது படிப்படியாகப் பரவியது. ரயிலுக்கென்று ஒரு கூடுதல் அம்சமும் சேர்க்கப்பட்டது. கருவி தீ என்று தீர்மானித்தால் ஒலியும் விளக்கும் எழுப்புவதோடு நின்றுவிடாது; பிரேக்கையும் தானே பிடித்து வண்டியை நிறுத்திவிடும்.

இங்குதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கணினி அறையில் கருவி பொய்யாக ஒலித்தால் நான்கு பேர் எழுந்து வந்து பார்ப்பர். ரயிலில் பொய்யாக ஒலித்தால் நடுக்காட்டில் வண்டி நிற்கும். பின்னால் வரும் வண்டிகள் தாமதமாகும். ஆயிரம் பயணிகள் கலவரமடைவர். இரண்டு முறை இப்படி நேர்ந்தால் மூன்றாவது முறை அதன் இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்னும் எண்ணம் எவருக்கும் வரும். பொய் சொல்லும் கருவியைவிட வாயடைக்கப்பட்ட கருவி ஆபத்தானது; அது இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் பதிலுரைகளில் நிலைத்திருக்கும்.

மஞ்சள் விளக்கு

கருவியின் முகப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் தீ. மஞ்சள் விளக்கு எரிந்தால் கருவிக்கே ஏதோ கோளாறு. இரண்டும் வெவ்வேறு செய்திகள். ஆனால் இரண்டுக்கும் ஒரே வகையில் ஒலி எழுப்பப்படும் இடங்களில், ஒரே பொத்தானை அழுத்தி இரண்டையும் அடக்கிவிடுவது வழக்கமாகிவிடுகிறது. கோளாறுகளைக் கண்டறிவதில் முதல் பாடம், எந்த விளக்கு எரிந்தது என்பதைக் குறித்துவைப்பதே.

மஞ்சள் விளக்கு எரிவதற்கு மிகப் பொதுவான காரணம் காற்றோட்டம். குழாயில் எவ்வளவு காற்று ஓடுகிறது என்பதைக் கருவி இடைவிடாது அளந்துகொண்டிருக்கிறது. இவ்வகைக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தர நிர்ணயப்படி, காற்றோட்டம் வழக்கத்தைவிட 20 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கோளாறு என்று அறிவிக்க வேண்டும். குறைந்தால் எங்கோ அடைப்பு: வடிகட்டியில் தூசி படிந்திருக்கலாம், துளையில் கம்பளிப் பஞ்சு சிக்கியிருக்கலாம், பெட்டிக்குச் சாயம் பூசியவர் துளையின் மீதும் பூசிவிட்டுப் போயிருக்கலாம். கூடினால் எங்கோ உடைப்பு: குழாயின் மூட்டு கழன்றிருக்கலாம், கடைசி முனையின் மூடி விழுந்திருக்கலாம், விளக்கையோ குளிர்காற்றுப் பாதையையோ சீர்செய்யக் கூரைப் பலகையைக் கழற்றியவர் குழாயைத் திரும்பப் பொருத்த மறந்திருக்கலாம். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் இரவும் பகலும் அதிர்ந்துகொண்டே ஓடும் பெட்டியில் மூட்டுகள் தளர்வது வியப்பன்று.

உடைப்பு ஏற்பட்ட குழாய் அடைப்பைவிட மோசமானது. காற்று எளிய வழியையே நாடும். மூட்டு கழன்ற இடத்தில் கூரைக்கு மேலுள்ள வெற்றிடத்துக் காற்றே தாராளமாக உள்ளே போகும்; அதற்கு அப்பாலுள்ள துளைகள் வழியே ஏறத்தாழ எதுவும் வராது. கருவி ஓடிக்கொண்டிருக்கும், விசிறியின் ஒலி கேட்கும், பெட்டியின் பாதிப் பகுதி மட்டும் அதன் கண்காணிப்பிலிருந்து விலகிப் போயிருக்கும். அருகிலுள்ள துளையைப் பெரிதாக்கிவிட்டாலும் இதே விளைவுதான்.

இவ்விடத்தில் ஒரு குறுக்குவழி உண்டு. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய குறுக்குவழி. கருவியை முதன்முதலில் நிறுவும்போது, "இப்போது ஓடும் காற்றோட்டமே இயல்பு" என்று அதற்குக் கற்றுக்கொடுப்பர். அதே கட்டளையைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். குழாய் கழன்ற நிலையில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரையைக் கழற்றித் தேட ஒரு மணி நேரம் ஆகும். இந்தக் கட்டளையைக் கொடுக்க ஒரு நிமிடம் போதும், கழன்ற குழாயே புதிய இயல்பாகிவிடும், விளக்கு அணைந்துவிடும். பதிவேட்டில் "சரிசெய்யப்பட்டது" என்று எழுதலாம். காரணத்தைக் களையாமல் அளவுகோலை மாற்றிக்கொள்ளும் இந்தத் தந்திரம் தில்லி அலுவலகங்களுக்கு அறிமுகமில்லாததன்று.

தூசியின் இரு முகங்கள்

கங்கைச் சமவெளியின் தூசியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டி மூடியிருந்தாலும் வெளிக்காற்றின் ஒரு பகுதி உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகிறது. போர்வைகளும் கம்பளிகளும் உதறப்படுகின்றன. இவை அனைத்தும் துளைகளின் வழியே வடிகட்டிக்கே வந்து சேர்கின்றன.

வடிகட்டியைத் தாண்டி வரும் நுண்தூசியைக் கருவி புகையென்று எண்ணிப் பொய்யாக ஒலிக்கலாம் என்பது பலரும் அறிந்தது. அதிகம் அறியப்படாதது மறுபக்கம். தூசி மண்டிய வடிகட்டி, வரும் புகையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். இருட்டறைக்குக் குறைந்த புகையே போய்ச் சேரும். அதாவது, தூசி படிந்த கருவி முதலில் கூச்சலிடும். பிறகு மெல்ல மெல்லச் செவிடாகும். "இப்போதெல்லாம் தொந்தரவு செய்வதில்லை" என்று பாராட்டப்படும் கருவியைத்தான் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.

வடிகட்டியை மாற்றுவதே முறை. தட்டி உதறுவதும் தண்ணீரில் அலசுவதும் அதைப் பாழாக்கும். குழாயைச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் முதலில் கருவியிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டே ஊத வேண்டும். அப்படியே ஊதினால், ஓராண்டுத் தூசி முழுவதும் ஒளியறைக்குள் போய்ச் சேரும். அதன் பிறகு வடிகட்டியை மாற்றிப் பயனில்லை. கருவியையே மாற்ற வேண்டும்.

இதோடு, கருவிக்குள் வந்துசேரும் எல்லாப் புகையும் பெட்டிக்குள்ளேயே பிறந்ததன்று. நவம்பர் மாதத்தில் தில்லியின் காற்று எப்படியிருக்கும் என்பது நாடறிந்தது. பயிர்த்தாள் எரிப்பு, தீபாவளிப் பட்டாசு, வாகனப் புகை, பனிமூட்டம் எல்லாம் ஒன்றுசேரும் அந்நாள்களில், தலைநகரின் கட்டடங்களில் மிகை நுண்மையுடன் அமைக்கப்பட்ட கருவிகள் வெளிக்காற்றுக்கே பதறக்கூடும். கட்டடங்களுக்கு இதற்கொரு தீர்வு உண்டு. வெளிக்காற்று நுழையும் வாயிலில் இன்னொரு கருவியை வைத்து, அது காட்டும் அளவை உள்ளே உள்ள கருவியின் அளவிலிருந்து கழித்துவிடலாம். ஊர்விட்டு ஊர் ஓடும் ரயிலில் கூடுதல் கருவி வைப்பது எளிதன்று. அங்கே நுண்மையை அளந்து அமைப்பதே வழி.

அமைப்பது என்பது தொழிற்சாலை வைத்த எண்ணை அப்படியே விட்டுவிடுவதன்று. கருவியைச் சில நாள்கள் இயல்பான சூழலில் ஓடவிட்டு, அன்றாடக் காற்றில் எவ்வளவு துகள் உள்ளது என்று பதிவுசெய்து, அதற்கு மேல் எச்சரிக்கை அளவை நிர்ணயிக்க வேண்டும். இதற்கு இரண்டு வாரமாவது விட்டுவைப்பது வழக்கம். பணிமனையில் நிற்கும் காலிப் பெட்டியில் எடுத்த அளவு, 72 பேர் ஏறிய மூன்றடுக்குப் பெட்டிக்குப் பொருந்தாது. கோடைக்கு வைத்த அளவு மார்கழி மூடுபனியில் கான்பூரைக் கடக்கும்போது பொருந்தாமல் போகலாம்.

ஈரமும் ஒரு காரணம். ஒளிச்சிதறலைப் பொறுத்தவரை நீர்த்துளிக்கும் புகைத்துகளுக்கும் வேறுபாடு தெரியாது. குளிர்ந்த குழாய்க்குள் வெதுவெதுப்பான ஈரக்காற்று நுழைந்தால் உள்ளே நீர் கோக்கும். குழாயின் தாழ்வான இடத்தில் நீர் தங்கினால் காற்றோட்டம் தடைப்படும். கருவிக்குள் இறங்கினால் அது பழுதாகும். தாழ்வான இடத்தில் நீர் வடியும் பொறி ஒன்றை வைத்து, அதை மறக்காமல் காலிசெய்தால் இத்தொல்லை இல்லை.

உறிஞ்சிய காற்றை எங்கே விடுவது என்பதும் கவனிக்கத் தக்கது. எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அழுத்தம் வேறுபட்ட வேறொரு பகுதியில் விட்டால், விசிறி இழுப்பது போதாமல் காற்று தயங்கும், அல்லது தேவைக்கு மேல் ஓடும். காரணம் தெரியாமல் மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணையும் இடங்களில், வெளியேறும் குழாயின் முனை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.

பீடியும் பிரேக்கும்

எல்லாப் பொய் எச்சரிக்கையும் பொய்யன்று. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி திருப்பதியிலிருந்து செகந்திராபாத் சென்ற வந்தே பாரத் ரயிலில், பயணச்சீட்டு இல்லாத ஒருவர் கழிவறைக்குள் தாழிட்டுக்கொண்டு புகைபிடித்தார். எச்சரிக்கை ஒலித்தது, தீயணைக்கும் ஏரோசோல் தூள் தானாகவே பீய்ச்சியது, நெல்லூர் மாவட்டம் மனுபோலு நிலையத்தில் வண்டி நிறுத்தப்பட்டது. கழிவறையின் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்ட அந்த ரயிலின் கருவி செய்தது முற்றிலும் சரியே. ஆனால் பயணிகளின் வாய்ச்சொல்லில் அதுவும் "பொய் மணி" என்றே பதிவாகும்.

2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொது இடத்தில் புகைபிடிப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க வகைசெய்தது. நிறுத்தப்பட்ட ஒரு ரயிலின் அரைமணி நேரத்துக்கு இது எவ்வகையிலும் ஈடாகாது.

இன்னொன்று பிரேக் புகை. சங்கிலி இழுத்தபின் பிரேக் முழுமையாக விடுபடாமல் சக்கரத்தை உரசிக்கொண்டே போனால் அடியிலிருந்து புகை கிளம்பும். 2023ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி ஒடிசாவின் கரியார் ரோடு நிலையத்தில் துர்க் - புரி விரைவு ரயிலின் குளிர்சாதனப் பெட்டியில் பயணிகள் பதறி இறங்கியது இதனால்தான். பாலசோர் விபத்து நடந்து ஒரு வாரம்கூட ஆகாத நேரம் அது. இத்தகைய புகை பெட்டிக்குள் புகுந்து கருவி ஒலித்தால், பழுது கருவியில் இல்லை; பிரேக்கில் இருக்கிறது. கருவியை அணைத்துவிட்டுப் பயணத்தைத் தொடர்பவர் தவறான இடத்தைச் சரிசெய்கிறார்.

கடிகாரத்தை வைத்து ஒரு சோதனை

ஒரு கருவி நன்றாக இருக்கிறதா என்று அறிய, அதன் அருகில் ஊதுபத்தியைக் காட்டி ஒலிக்கிறதா என்று பார்ப்பது போதாது. அதனால் தெரிவது கருவிக்கு உயிர் இருக்கிறது என்பது மட்டுமே. உண்மையான சோதனை, குழாயின் கடைசித் துளையில், அதாவது மிகத் தொலைவான துளையில், சோதனைப் புகையைக் காட்டிக் கடிகாரத்தைப் பார்ப்பது. எத்தனை நொடியில் கருவி உணர்ந்தது? ஐரோப்பியத் தர நிர்ணயம் கருவியின் நுண்மைக்கேற்ப 60, 90, 120 நொடிகள் என மூன்று வரம்புகளை வைக்கிறது. முதன்முதலில் நிறுவியபோது எடுத்த நொடிக் கணக்கு பெட்டியோடு கூடவே இருக்க வேண்டும். அன்று 50 நொடி, இன்று 110 நொடி என்றால், ஒலி கேட்டதை வைத்து மகிழ ஒன்றுமில்லை; எங்கோ அடைப்போ உடைப்போ இருக்கிறது. உறங்கும் பயணிகளுக்கு அந்த 60 நொடி வேறுபாடு மிகப் பெரிது.

மின்கலம், தளர்ந்த மின் இணைப்பு, தேய்ந்த விசிறி ஆகியவை எந்தக் கருவிக்கும் உள்ளவை. குறித்த காலத்தில் மாற்றினால் தீர்ந்தது.

வண்டி ஓடும்போது இதையெல்லாம் யார் பார்ப்பது? குளிர்சாதனப் பெட்டிகளோடு வரும் மெக்கானிக் ஒருவரோ இருவரோ, நீண்ட தொடர் முழுவதற்கும் பொறுப்பாளிகள். நள்ளிரவில் ஒரு பெட்டியில் ஒலி எழுந்தால், அவர் அங்கு வந்து சேர்ந்து, கழிவறைகளையும் மின் பெட்டகத்தையும் பார்த்து, தீ இல்லையென்று உறுதிசெய்து, பிறகே ஒலியை அடக்க வேண்டும். அதற்குள் பயணிகள் அவரைச் சூழ்ந்துகொண்டிருப்பர். வண்டி ஏன் நிற்கிறது என்று கட்டுப்பாட்டு அறை கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் ஒலியை அடக்கிவிட்டுப் பிறகு பார்ப்பது, அல்லது பார்க்காமலே விடுவது, மனித இயல்பு. அவரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. பெட்டி பணிமனைக்கு வந்ததும் அந்த எச்சரிக்கையின் காரணத்தைத் தேட வேண்டியவர்களுக்கு அவகாசம் இருக்கிறதா, மாற்று வடிகட்டி கையிருப்பில் இருக்கிறதா என்பவையே உண்மையான வினாக்கள். ஒரு தொடர் வந்து சேர்ந்த சில மணி நேரத்தில் மீண்டும் புறப்பட வேண்டும். தண்ணீர் நிரப்புவதும் கழிவறை கழுவுவதும் விடுபட்டால் பயணிகள் கேட்பர். வடிகட்டி மாற்றாவிட்டால் கேட்பவர் எவருமில்லை.

அவையில் கேட்கப்படாதது

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும், எழுத்து மூலம் விடை தரப்படும் 230 கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. "எத்தனை பெட்டிகளில் பொருத்தப்பட்டுள்ளது, எத்தனை கோடி ஒதுக்கப்பட்டுள்ளது, எப்போது முடிவடையும்?" என்பதே இத்தகைய கேள்விகளின் வழக்கமான வடிவம். இவற்றுக்கு விடையளிப்பது அமைச்சகத்துக்கு எளிது. எண்கள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போகும்.

கேட்க வேண்டியவை வேறு. சென்ற ஆண்டில் இக்கருவிகள் எத்தனை முறை தீ எச்சரிக்கை விடுத்தன? அவற்றில் எத்தனையில் உண்மையிலேயே தீயோ புகையோ இருந்தது? எத்தனை பெட்டிகள் கருவி துண்டிக்கப்பட்ட நிலையில் ஓடின, எத்தனை நாள்? கடைசித் துளைச் சோதனை கடைசியாக எப்போது நடந்தது?

"தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேஜையில் வைக்கப்படும்" என்று விடை வந்தாலும் நன்றே. அத்தகைய விடை ஓர் உறுதிமொழியாகக் கருதப்படும். மூன்று மாதங்களுக்குள் அதை நிறைவேற்ற வேண்டும். தவறினால் அரசின் உறுதிமொழிகளுக்கான குழு கேட்கும். தவிர, தகவல் எங்கோ தேடித் திரட்ட வேண்டியதும் அன்று. இவ்வகைக் கருவிகள் தம் நினைவகத்திலேயே ஒவ்வொரு எச்சரிக்கையையும் ஒவ்வொரு கோளாறையும், எவரேனும் அணைத்துவைத்த நேரத்தையும், நாள், மணி, நிமிடத்துடன் ஆயிரக்கணக்கில் பதிந்துவைக்கக் கூடியவை.

ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லாமல் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வைக்கப்பட்டிருப்பது, விசாரணை சுயேச்சையாக நடக்க வேண்டும் என்பதற்காகவே. ஆனால் அவர்கள் வருவது விபத்துக்குப் பின்னர். விபத்தாக முடியாமல் போன நூறு எச்சரிக்கைகளைப் படிக்க வேண்டியது அதற்கு முன்னர்.

இவ்வளவும் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு. 2012ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி விடியற்காலையில் நெல்லூர் அருகே எரிந்த தமிழ்நாடு விரைவு ரயிலின் எஸ்-11 சாதாரணத் தூங்கும் வசதிப் பெட்டி. புது தில்லியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களில் 30க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். மனுபோலுவும் அதே மாவட்டம்; அதே இருப்புப் பாதை. ஒரு பெட்டியில் ஒரு பீடிக்கு மணி அடித்தது. பதினொரு ஆண்டு முன்னர் மற்றொரு பெட்டி எரிந்தபோது மணியே இல்லை.

சன்னல் திறந்த பெட்டியில் காற்றுறிஞ்சிக் கருவி சரிவரச் செயல்படாது என்பது பொறியியல் உண்மை. ஓடும் காற்றில் புகை கலைந்துபோகும். துளைக்கு வந்து சேராது. அதனால் அங்கே தீயணைப்பான்களும், புதிய பெட்டிகளின் மின் பெட்டகங்களில் ஏரோசோல் அமைப்பும் வைக்கப்படுகின்றன. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அம்ரித் பாரத் ரயில்களில் கழிவறைகளுக்கும் ஏரோசோல் அமைப்பு உண்டு. மற்றவற்றில் இன்றும் மனிதக் கண்ணே காவல். 2023ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா அருகே புது தில்லி - தர்பங்கா ரயிலின் எஸ்-1 பெட்டியில் எழுந்த புகையைக் கண்டவர் சராய் பூபத் நிலைய அதிகாரி. வண்டி நிலையத்தைக் கடக்கும்போது அவர் பார்த்தார், நிறுத்தச் செய்தார். பெட்டி எரிந்து போயிற்று, உயிர்ச்சேதம் இல்லை.

தூங்கும் வசதிப் பெட்டிகளுக்கு எந்த வகைக் கருவி பொருந்தும் என்பதையும், இருக்கும் கருவிகளின் நினைவகப் பதிவுகள் என்ன சொல்கின்றன என்பதையும் ஒரே கேள்வியின் இரு பகுதிகளாகவே கேட்கலாம். மக்களவை விதிகளின்படி அதற்குத் தேவை 15 முழு நாள் முன்னறிவிப்பு.